பணித்தாளில் அடங்காத உயிர்

தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புகளில் சூழ்நிலையியல் என்ற பெயரில் கற்பிக்கப்படும் பாடத்தில், உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பகுப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. நாய், நாற்காலி, பூனை, பந்து, மரம், கல் ஆகியவற்றின் படங்களை வரிசையாக அச்சிட்டு, உயிருள்ளவற்றை வட்டமிடுமாறு கேட்கும் பணித்தாள், சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளுக்கும், தெருவுக்குத் தெரு எழுந்துள்ள தனியார் மழலையர் பள்ளிகளுக்கும் பொதுவானது. பாடத்திட்டம் மாநில அரசுடையதா, மத்திய வாரியத்தினுடையதா என்பதால் அதில் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை. குழந்தை நாயையும் பூனையையும் மரத்தையும் வட்டமிட, ஆசிரியர் சரிக்குறி இட, பாடம் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. அன்றைய வகுப்பில் எதுவும் கற்பிக்கப்படவில்லை என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் குழந்தைக்கு முன்பே தெரிந்ததைக் கேட்டு, தெரியாததைத் தவிர்த்துவிடும் பணித்தாளைப் பற்றி வேறெப்படிச் சொல்வது? காலத்தில் நிகழும் ஒன்றான உயிரைக் காலமே இல்லாத ஒரு படத்தில் தேடச் சொல்வது அதன் இன்னும் பெரிய குறை.

குழந்தைகள் எவற்றை உயிருள்ளவை எனக் கருதுகிறார்கள் என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே. 1926-ல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய நூல், இந்தக் கருத்து குழந்தைகளிடம் படிப்படியாக மாறுவதாக விவரித்தது: தொடக்கத்தில் ஏதேனும் ஒரு வேலையைச் செய்யும் பொருளெல்லாம் உயிருள்ளதாகத் தோன்றும், அடுத்து நகர்வன எல்லாம் உயிர் பெறும், பின்னர் பிறர் தள்ளாமல் தாமே நகர்வனவற்றுக்கு மட்டும், அதாவது சூரியன், காற்று, ஆறு போன்றவற்றுக்கு, உயிர் உண்டு என்ற எண்ணம் வரும், பதினொரு, பன்னிரண்டு வயதை ஒட்டியே விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் உரியதாக அது சுருங்கும். பின்வந்த ஆய்வாளர்கள் இந்தப் படிநிலைகளை அப்படியே ஏற்கவில்லை. முன்பின் பார்த்திராத விலங்குகள், சிலைகள், சக்கரப் பொருள்கள் ஆகியவற்றின் ஒளிப்படங்களைக் காட்டி, எது தானாக மேட்டில் ஏறும் என்று கேட்டபோது, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளே பெரும்பாலும் சரியாக விடை கூறியதை கிறிஸ்டின் மாஸியும் ரோஷல் கெல்மனும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே நாயையும் நாற்காலியையும் வேறுபடுத்துவதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. மழலையர் வகுப்புக்கு வருமுன்பே குழந்தை அதை அறிந்திருக்கிறது.

குழந்தை தடுமாறும் இடம் வேறு, அது தாவரம். நகராத, ஒலி எழுப்பாத, கண் இல்லாத ஒன்றை நாயோடு ஓரினத்தில் சேர்ப்பது எளிதன்று என்பதை, 2009-ல் ராபர்ட் கோல்ட்பெர்க், ஷரன் தாம்சன்-ஷில் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தில் உறுதிப்படுத்தியது. உயிருள்ளதா இல்லையா என்பதை விரைந்து கூறுமாறு கேட்டபோது, பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர்கள்கூட விலங்குகளைவிடத் தாவரங்களுக்கு விடை கூறச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் உயிரியல் கற்பித்தவர்களிடமே மறையாத தயக்கத்தை, முதல் வகுப்புக் குழந்தையிடம் ஒரு வட்டத்தால் போக்கிவிடலாம் என்று நம்புவது பாடத்திட்டம் வகுப்போரின் அபரிமிதமான நம்பிக்கை.

இந்தத் தடுமாற்றம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அமெரிக்காவில் 2003-ல் வெளிவந்த ஓர் ஒப்பாய்வில், நகரக் குழந்தைகள் மனிதரை அளவுகோலாகக் கொண்டே பிற உயிர்களைப் பற்றி அனுமானிக்க, கிராமப்புறக் குழந்தைகளும் மெனாமினி என்னும் தொல்குடிக் குழந்தைகளும் ஓர் உயிருக்கும் மற்றோர் உயிருக்கும் உள்ள உறவைக் கொண்டு சிந்தித்தனர். வயதுக்குரிய இயல்பு என்று கருதப்பட்ட ஒன்று, செடிகொடிகளோடும் விலங்குகளோடும் பழக வாய்ப்பில்லாததன் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதே இதன் உட்பொருள். சென்னையின் மேற்குப் புறநகருக்கு இந்த முடிவு நேரடியாகப் பொருந்தும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்த நிலத்தில் 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. தாத்தா வயலில் நின்றவராகவும், தந்தை லேத்தில் நின்றவராகவும் இருக்க, அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வளரும் குழந்தைக்கு விதை என்பது மளிகைக் கடைப் பொட்டலத்தில் மட்டுமே காணக் கிடைக்கிறது.

மறுபுறம், தானாக நகரும் உயிரற்ற பொருள்கள் அதே குழந்தையின் கண்முன் பெருகிவருகின்றன. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரையிலான மெட்ரோ ரயிலின் நான்காம் வழித்தடத்துக்கென, ஓட்டுநர் இன்றி இயங்கும்படி வடிவமைக்கப்பட்ட ரயில்களின் சோதனை ஓட்டம் 2025-ல் பூந்தமல்லிப் பகுதியில் நடைபெற்றது. தானே புறப்பட்டு, தானே நின்று, தானே கதவு திறக்கும் வண்டியைப் பார்க்கும் குழந்தையிடம், தானாக நகர்வது உயிரின் அடையாளம் என்று இனியும் கற்பிக்க இயலாது. பியாஜே கண்ட குழந்தைகளுக்குச் சூரியனும் காற்றும் புதிராக இருந்தன என்றால், போரூர், பூந்தமல்லிக் குழந்தைகளுக்கு இந்த ரயிலும், கேட்டால் பதில் சொல்லும் கைபேசியும் புதிராக இருக்கின்றன.

இந்தச் சிக்கலுக்குப் பாடநூல்கள் கண்ட தீர்வு ஒரு பட்டியல். உணவு உட்கொள்ளுதல், சுவாசித்தல், கழிவு நீக்குதல், வளர்தல், இனம் பெருக்குதல், தூண்டலுக்கு ஏற்பச் செயல்படுதல், இயங்குதல் என்ற ஏழு பண்புகளும் இருந்தால் அது உயிர் என்பது அதன் சாரம். பட்டியல் பிழையன்று, ஆனால் அதை மனப்பாடம் செய்த குழந்தை அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடிவதில்லை. எரியும் நெருப்பு எண்ணெயை உட்கொள்கிறது, காற்றை இழுக்கிறது, புகையை வெளிவிடுகிறது, வளர்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பரவுகிறது. கோவேறு கழுதையோ, இனம் பெருக்க இயலாதது என்றாலும், உயிருள்ளது. ரயிலும் மின்சாரத்தை உட்கொண்டு வெப்பத்தை வெளியேற்றி, சைகைக்கு ஏற்ப நிற்கிறது. பண்புகளை எண்ணிப் பார்த்தால் நெருப்பு கோவேறு கழுதைக்குக் குறைந்ததாகத் தோன்றுவதில்லை.

பட்டியலின் ஏழு வரிகளையும் ஒன்றாகக் கட்டும் கருத்தை உயிரியலார் வளர்சிதை மாற்றம் என்கிறார்கள். வெளியிலிருந்து எடுத்த பொருளை உடைத்து, அதிலிருந்து ஆற்றலையும் தன் உடலுக்கான கட்டுமானப் பொருளையும் பெற்று, தன்னைத் தானே ஆக்கியும் பழுது நீக்கியும் வைத்துக்கொள்ளும் இடைவிடாத வேலைக்கு அது பெயர். சொல் பெரியது என்றாலும் பொருளைக் குழந்தை தன் உடம்பிலேயே அறியும். டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் நிறுவப்பட்ட காலம் முதலே மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற அம்பத்தூரில், மிதிவண்டியிலிருந்து விழுந்த குழந்தையின் முழங்காலில் ஏற்பட்ட சிராய்ப்பு பொருக்குத் தட்டி, உதிர்ந்து, புதுத்தோல் மூடிவிடுகிறது. வண்டியின் மீது விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது, அல்லது துருப்பிடித்துப் பெரிதாகிறது. இந்த வேறுபாட்டைக் காண ஒரு வாரம் ஆகும் என்பதைத் தவிர அதில் கடினம் ஏதுமில்லை. ஜப்பானிய ஆய்வாளர்களான கயோகோ இனாகாகியும் கியோ ஹதானோவும், ஐந்து வயதுக் குழந்தைகளே உணவும் நீரும் உடலுக்குள் சென்று வலிமையாகவும் வளர்ச்சியாகவும் மாறுகின்றன என்ற எண்ணத்தைக் கொண்டிருப்பதையும், அந்த வழியாகக் கேட்டால் விலங்குக்கும் தாவரத்துக்கும் உள்ள ஒற்றுமையை அவர்கள் கண்டுகொள்வதையும் காட்டினார்கள். நகர்வதை விட்டு வளர்வதைக் கேட்டால், ஐந்து வயதிலேயே செடி நாயின் பக்கம் வந்து சேர்கிறது.

வளர்வது என்றாலும் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பச்சைப்பயறு அதைக் காட்டப் போதும். நான்கு கிண்ணங்களில் முழுப் பச்சைப்பயறு, உடைத்துத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு, வேகவைத்து ஆறவிட்ட பயறு, கூழாங்கல் ஆகியவற்றை இட்டு நீரூற்றி ஓர் இரவு வைத்தால், மறுநாள் காலையில் முழுப் பயறும் பருப்பும் பெரிதாகியிருக்கும். இரண்டும் வளர்ந்துவிட்டன என்று குழந்தைகள் கூறுவார்கள்; அந்த விடையை அன்றே திருத்தாமல் விட்டுவிடுவது இந்தப் பாடத்தின் உயிர்நாடி. நீரை வடித்து ஈரத்துணியில் வைத்தால், அடுத்த ஓரிரு நாள்களில் முழுப் பயறு முளை விட, பருப்பு கெட்டு நாற்றமெடுக்கத் தொடங்கும்; வெந்த பயறும் அதே வழியில் செல்லும்; கூழாங்கல் கிடந்தபடி கிடக்கும். நீரை உறிஞ்சி உப்புவது வேறு, உள்ளிருக்கும் முளைக்கரு செல்களைப் பெருக்கி வளர்வது வேறு என்பதும், உடைத்தபோது சிதைந்த முளைக்கருவும் வெந்தபோது மடிந்த முளைக்கருவும் நீருக்கு விடை சொல்வதில்லை என்பதும் அந்த மூன்றாம் நாளில்தான் புலப்படும். பொட்டலத்தில் கிடந்த உலர்ந்த பயறு, பார்வைக்குக் கல்லைப் போன்றிருந்தாலும், மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டு உறங்குநிலையில் இருந்தது என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய நேரம் அது. இந்த உறக்கம் நெடுங்காலம் நீளக்கூடியது: இஸ்ரேலின் மசாடாக் கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005-ல் முளைத்து மரமானது.

சத்துணவுத் தட்டில் வரும் முட்டையையும் இதே கண்ணோடு காணலாம். பண்ணைக் கோழிகள் சேவலின் சேர்க்கையின்றி இடும் முட்டை கருவுறாதது, எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு பொரிக்காது. நாட்டுக்கோழி முட்டை பொரிக்கலாம். படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை வட்டம்தான். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு விடியலில் பொங்கி வழிவதற்கும் உயிரே காரணம். அரிசியும் உளுந்தும் அரைபட்டு மடிந்துவிட்ட பின்னும், அவற்றோடு வந்த நுண்ணுயிரிகள் மாவின் சர்க்கரையை உண்டு வெளிவிடும் கரியமில வாயு மாவை உப்பச் செய்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த மாவு ஏன் அவ்வளவு விரைவாகப் பொங்குவதில்லை என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், அந்த வகுப்பில் அறிவியல் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டு கட்டங்கள் மட்டுமே உள்ள பணித்தாளின் மற்றொரு குறை, மூன்றாவதாக ஒரு நிலை உண்டு என்பதை அது மறைப்பது. நாற்காலி உயிரற்றது என்று எழுதும் குழந்தைக்கு, அது மரமாக நின்ற காலம் உண்டென்பது சொல்லப்படுவதில்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் கருவறை முன் நிற்கும் இரு வெள்ளெருக்குத் தூண்கள், குச்சியாகவே காணப்படும் எருக்கஞ்செடி தூணளவு பருத்த வியப்புக்காகப் பலராலும் காட்டப்படுகின்றன. அதே தூண்கள், உயிரோடிருந்த ஒன்றின் உடல் உயிர் நீங்கிய பின்னும் நிலைத்திருக்க முடியும் என்பதற்கும் சான்று. பக்கத்திலேயே கல்தூணும் உண்டு. அதற்கு ஒருபோதும் உயிர் இருந்ததில்லை. இரண்டையும் ‘உயிரற்றவை’ என ஒரே கட்டத்தில் தள்ளும்போது, இறப்பைப் பற்றிப் பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் பள்ளி இழந்துவிடுகிறது. திருவேற்காடு கருமாரியம்மன் வழிபாட்டோடு இணைந்த புற்றும் இவ்வாறே சிந்திக்கத் தக்கது: மண் உயிரற்றது, அதைக் கட்டிய கறையான் உயிருள்ளது, கறையான் விட்டுச் சென்றபின் குடியேறும் பாம்பும் உயிருள்ளது.

தொழிற்பேட்டையில் ஆயுத பூசையன்று லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம், குங்குமம் இட்டு மாலை சூட்டுவதைப் பார்த்து வளரும் குழந்தைகள் இயந்திரங்களை உயிருள்ளவை என்று நம்பிவிடுவார்கள் என்ற கவலை பகுத்தறிவாளர் சிலருக்கு உண்டு. அது தேவையற்ற கவலை. பூசைக்கு உரியதாதல் வேறு, உண்டு வளர்ந்து மடிவது வேறு என்பதைக் குழந்தைகள் பெரியவர்களைப் போலவே வேறுபடுத்துகிறார்கள். சந்தனமிட்ட லேத்துக்குச் சோறு ஊட்ட யாரும் முனைவதில்லை. சுற்றியுள்ள பண்பாடு குழந்தைகளின் விடைகளை ஓரளவு மாற்றும் என்பது உண்மையே. ஜப்பான், இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளை ஒப்பிட்டு 1993-ல் வெளிவந்த ஆய்வில், இஸ்ரேலியக் குழந்தைகள் தாவரங்களை உயிருள்ளவையாக ஏற்பதில் பின்தங்கியிருந்தனர். அந்த வகையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நற்பேறு உண்டு: தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது, தொடு உணர்வு மட்டுமே உள்ள ஓரறிவு உயிராகப் புல்லையும் மரத்தையும் முதற்படியிலேயே வைத்துவிடுகிறது, அதன் பின்னரே நத்தை, எறும்பு, நண்டு, விலங்கு, மனிதர் என அடுக்கு உயர்கிறது. ஆனால் தமிழ் இலக்கணத்தின் அஃறிணை, பசுவையும் பாறையையும் ஒன்றாகவே வைக்கிறது. திணைப் பகுப்பு பகுத்தறிவைப் பற்றியது, உயிரைப் பற்றியதன்று என்ற ஒரு வரியைத் தமிழாசிரியர் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும், சொல்பவர் குறைவு.

தாவரத்துக்கு உயிர் உண்டெனக் கண்டுபிடித்தவர் ஜகதீச சந்திர போஸ் என்று பொது அறிவு நூல்கள் இன்றும் அச்சிடுகின்றன. ஆனால் மரம் உயிருள்ளது என்பது அவருக்கு முன்பே அறியப்பட்டதுதான். தூண்டலுக்குத் தாவரம் மின்விளைவாக மறுமொழி தருவதை நுண்கருவிகளால் பதிவு செய்ததே அவருடைய சாதனை. அவரது 1902-ஆம் ஆண்டு நூல் அதற்கும் அப்பால் சென்று, வெள்ளீயம் போன்ற உலோகங்களும் தூண்டலுக்கு மறுமொழி தந்து, தொடர்ந்து தூண்டினால் தசையைப் போலவே களைப்படைவதாகக் காட்டி, உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே திட்டமான கோடு இல்லை என்று வாதிட்டது. உலோகம் பற்றிய அந்த வாதத்தைப் பிற்கால அறிவியல் பின்பற்றவில்லை. எனினும் கோடு மங்கும் இடங்கள் உண்டென்ற அவரது உள்ளுணர்வு பொய்க்கவில்லை. புகையிலைத் தேமல் நோய் வைரஸை 1935-ல் வெண்டல் ஸ்டான்லி படிகமாகப் பிரித்தெடுத்தபோது, புட்டியில் உப்பைப் போலக் கிடந்தது, இலைக்குள் சென்றதும் பெருகியது. கொரோனா ஊரடங்கில் வளர்ந்த குழந்தை, அந்தக் கிருமிக்கு உயிர் உண்டா என்று கேட்டால், அறிவியலாளரிடையே இன்னும் ஒருமித்த விடை இல்லை என்பதே நேர்மையான பதில். சட்டமும் தன் வழியில் கோட்டை நகர்த்துகிறது. இயற்கையை உரிமைகளோடு கூடிய உயிருள்ளவராக 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறிவித்தது. அது உயிரியல் தீர்ப்பன்று, பாதுகாப்புக்கான சட்ட ஏற்பாடு என்பதை மேல்வகுப்பு மாணவரிடம் விளக்கலாம்.

கையால் தொட்டறிந்த பின்பே படத்துக்குச் செல்ல வேண்டும் என்ற கொள்கை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி தொடங்கியதும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி இயற்கையை மையமாகக் கொண்ட தம் கல்விக் கருத்துகளை விரிவாக்கியதும் வரலாறு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தையைத் தன் வேகத்தில் செல்லவிட்டது. எனினும் அதன் அட்டைகளும் அச்சிட்ட தாள்களே. எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்ற நோக்கோடு, 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மொழியும் கணக்கும் முதலிடம் பெறும்போது சூழ்நிலையியல் ஒதுங்கி நிற்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்னும் தகவல் தளத்தில் பதிவேற்றும் வேலைக்கு நடுவே, ஈரத்துணியை மூன்று நாள் காக்கும் பொறுமையை ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதும் எளிதன்று. இதில் குறை சொல்ல வேண்டியது ஆசிரியரை அன்று, ஒரு பாடவேளைக்குள் காட்ட முடிந்ததையே கற்பித்தல் என்று கணக்கிடும் முறையை.

இந்த வட்டாரத்தில் காட்டுவதற்குப் பொருள் பஞ்சமில்லை. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அருகிலேயே உள்ளன. ஆவடி பருத்திப்பட்டு ஏரி 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஒரே கரையை ஜூன் மாத வறட்சியிலும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், நீர்ப்பறவைகள் மிகும் ஜனவரியிலும் என மூன்று முறை காணும் குழந்தை, நீர் ஏறியதற்கும் கோரை வளர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை வரைந்தே காட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பேருந்தில் ஏற்றிச் சென்று நொறுக்குத் தீனியோடு திரும்பும் சுற்றுலாவால் இது நடவாது.

இதற்குக் குறுக்கே நிற்பது 2012-13-ல் அறிமுகமான முப்பருவ முறையின் ஒரு பக்கவிளைவு. புத்தகச் சுமையைக் குறைத்த அந்த நற்செயல், முதல் பருவத்தின் பாடத்தைக் காலாண்டுத் தேர்வோடு மூடிவிடுகிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த அவரை தைக்குமேல் காய்க்கும்போது, அதைப் பேசும் புத்தகம் குழந்தையின் பையில் இருப்பதில்லை. சூழ்நிலையியல் பாடம் ஒன்றை மட்டுமாவது மூன்று பருவங்களுக்கும் தொடரும் ஒரே குறிப்பேடாக மாற்றி, பள்ளி வளாகத்தில் நான்கடி நிலத்தையோ, அதுவும் இல்லாத பள்ளிகளில் மொட்டைமாடித் தொட்டியையோ வகுப்புக்கு ஒன்றாக ஒதுக்கி, ஆண்டிறுதித் தாளில் வட்டமிடும் கேள்விக்குப் பதிலாக, அவரை விதை உயிருள்ளது என்பதை முதலில் எந்த நாளில், எதைக் கண்டு அறிந்தாய் என்று கேட்பதற்குப் பள்ளிக் கல்வித் துறைக்குப் புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை.